வாழைமர ஒத்திகை

ஒரு மனிதரின் கை இயந்திரச் சங்கிலியில் சிக்கியிருந்தது. அந்த இயந்திரம் அவரையும் சுமந்துகொண்டு ஏரியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் கரையோரத் தண்ணீரில் இரண்டு வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி இழுக்கச் சொல்லி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகும், “இன்னொரு தடவை” என்றேன்.

இந்தக் கட்டுரையை நாலைந்து விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன். அதனால் கிழித்துப் போட்டுவிட்டு, இப்படி ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. விஞ்ஞானி என்று அடையாள அட்டை சொன்னது. அட்டையோடு வாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. சுவரளவு கனமான கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்தில் இருக்கிற, மனிதர் தொடக்கூடாத பொருள்களை இயந்திரக் கைகளால் எடுத்து, நகர்த்தி, மூடி வைப்பது எங்கள் பிரிவின் பணி. உள்ளே ஒரு திருகாணியைக் கழற்றவேண்டும் என்றால், அதே மாதிரி ஒன்றை வெளியே வைத்துக் கழற்றிப் பழகுவோம். ஒருமுறை சரியாக வந்தால் அது தற்செயல். அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால்தான் உள்ளே வேலை. இதை யாரும் சுவரில் எழுதி மாட்டியிருக்கவில்லை. உடம்பில் ஊறியிருந்தது. பால் காய்ச்சுவதற்கு முன்பு தண்ணீரைக் காய்ச்சி ஒத்திகை பார்க்கிற ஆள் நான் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பொய். ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்தேன். அதுவும் அடுப்பு புதிது.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில் இருக்கிற ஏரிகளில் ஒன்றில்தான் இது நடந்தது. எது என்று சொல்லப்போவதில்லை. ஏரி ஒரு தப்பும் செய்யவில்லை. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்குப் பச்சைப் புல்வெளி. இறங்குகிறவர்களுக்கு முழங்காலைக் கட்டிப்போடும் வேர்க்கூட்டம். அதை அரித்து எடுப்பதற்காக அரசாங்கம் ஓர் இயந்திரம் வாங்கியிருந்தது. தட்டையான இரும்புத் தெப்பம் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். முன்பக்கம் தண்ணீருக்குள் சாய்வாக இறங்குகிற, சங்கிலியில் ஓடும் ஓர் அகலமான பட்டை. பட்டையின் நுனியில் கத்திகள். கத்தி செடியை அறுக்கும், பட்டை அதை வாரி மேலே கொண்டுவரும். நடுவில் உயரமாக ஓட்டுநர் இருக்கை. இருக்கைக்கு முன்னால் இரண்டு லீவர், சக்கரத்துக்கு ஒன்று.

அதன் தொடக்கவிழாவுக்குத்தான் நான் போயிருந்தேன். மேடையில் ஒரு விஞ்ஞானி உட்காரவேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். முதலில் ஒப்புக்கொண்டிருந்த நீரியல் பேராசிரியருக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. பக்கத்தில் வேறு விஞ்ஞானி கிடைப்பாரா என்று தேடியபோது எங்கள் குடியிருப்பு கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கும் நீரியலுக்கும் இருந்த உறவு குளிப்பதோடு சரி என்று சொல்லிப் பார்த்தேன். “பரவால்ல சார், அஞ்சு நிமிஷம்தான் பேசணும்” என்றார்கள்.

பேசினேன். நாடா வெட்டப்பட்டது. மாவட்டத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி அடுத்த விழாவுக்குக் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் பந்தலுக்குள் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பதற்காக இயந்திரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேடந்தாங்கலுக்குப் போகிற பருவத்துப் பறவைகள் சில வழியில் இங்கே இறங்கியிருந்தன. இயந்திரம் கிளப்பிவிட்ட பூச்சிகளையும் குஞ்சுமீன்களையும் தின்பதற்காக அவை அதன் பின்னாலேயே வரிசையாக வந்தன.

ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். அவர் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவர்தான். அதைப் பார்ப்பதற்காக அவருடைய மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தார். காலையில் இந்த விவரங்களையெல்லாம் என்னிடம் சொன்னவரும் அந்த அம்மாதான். பக்கத்தில் வேறு யாரும் பேச்சுக்கு அகப்படவில்லை போலும்.

தண்ணீருக்கடியில் யாரோ விட்டுவைத்த மீன்வலை ஒன்று பட்டையில் சுற்றிக்கொண்டது. ஓட்டுநர் இரண்டு லீவரையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல், வலையை உருவி எடுக்க முன்பக்கம் இறங்கினார். இறங்கும்போது அவர் முழங்கால் பட்டு இடது லீவர் முன்னால் சாய்ந்தது. இடது சக்கரம் சுழன்றது, தெப்பம் வெட்டித் திரும்பியது. அவர் தடுமாறிப் பிடித்த இடம், ஓடிக்கொண்டிருந்த சங்கிலி. வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அதே நேரம் வலை இறுகி, பட்டை நின்றுபோனது. பட்டைதான் நின்றது. இடது சக்கரமும் கத்திகளும் நிற்கவில்லை.

இதையெல்லாம் பிற்பாடு கோத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்போது நான் கண்டது, முன்பக்கத்தில் ஏதோ சிவப்பாகப் படபடத்ததுதான். கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டு எழுந்தேன். சிவப்பு, வெட்டப்பட்ட நாடாவின் மிச்சம். அதற்குப் பக்கத்தில் அவர் மண்டியிட்டிருந்தார். ஒரு கை உள்ளே. ஒரு கை ஆகாயத்தில்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மீன்காரர் ஒருவர் தெர்மோகோல் தெப்பத்தில் பாய்ந்து போய்விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நெருங்குவதற்குள் இயந்திரம் திரும்பி அவர்மேலேயே வந்தது. அவர் குதித்துவிட்டார். தெப்பம் கத்தியில் மாட்டி வெள்ளைத் துணுக்குகளாகத் தண்ணீரில் பரவியது. மூச்சு வாங்கக் கரையேறினார்.

“கிட்டப் போவ முடியாது அண்ணாத்த. மின்னாடி போனா கத்தி, சைடுல போனா சக்கரம். பின்னாடி புடிக்கலாம்னா, செடில தெப்பம் நவுறவே மாட்டுது. அது பாட்டுக்கு அறுத்துகினு போவுது, நம்ம மாட்டிகினு கீறோம்” என்றார்.

உண்மைதான். எந்தச் செடியை ஒழிக்க அந்த இயந்திரம் வந்ததோ அந்தச் செடியே அதற்கு அரணாகிவிட்டது.

கரையில் பொறுப்புள்ளவர்கள் என்று எஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர். தாசில்தார், பருமனான, மெதுவாகப் பேசுகிற மனிதர், தோளில் ஈரத்துண்டு. இயந்திரத்தை வாங்கிய இலாகாவின் இளம் பொறியாளர். மூன்றாவது, நான். என்னை அந்தப் பட்டியலில் சேர்த்தது தாசில்தார். “நீங்க சயின்டிஸ்ட். மெஷின் விஷயம் ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, என்ன பண்ணலாம்?” என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு கூட்டத்தின் முன்னால் விஞ்ஞானி என்று மாலை போட்டுக்கொண்டவன் அதைச் சொல்வது எளிதல்ல. மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது.

“டீசல் தீர்ந்தால் தானா நிக்குமே. எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன்.

பொறியாளர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். “ஃபுல் டேங்க் சார். எப்பவும் டிரம்முல பாதிதான் வந்து சேரும். இன்னைக்கு பெரியவங்க வராங்கன்னு நானே நின்னு ரொப்ப வச்சேன்.”

ஒரு நாள் ஒழுங்காக நடந்துகொண்டதற்காக ஒருவர் அவ்வளவு வருந்தியதை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னார். “பேட்டரி வீக்கு சார். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவாது, போட்டோ எடுக்கிற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணாதன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.”

ஏரி ஓர் இலாகா, இயந்திரம் இன்னோர் இலாகா, மீன் குத்தகைக்காரருடையது. அதற்குள் யாரோ, இயந்திரத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று ஆரம்பித்தார். தாசில்தார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏரி யாருது, மெஷின் யாருதுன்னு சாயங்காலம் உக்காந்து பேசலாம். ஆள் நம்ம ஆள். ஒடைச்சாலும் பரவால்ல, நிறுத்துங்க.”

அன்று அந்தக் கரையில் பேசப்பட்டவற்றில் கோப்பில் ஏறாமல் போனது இந்த வாக்கியம்தான். ஏறியிருக்கவேண்டியதும் இதுதான்.

இயந்திரம் வலப்பக்கமாக வட்டமடித்தது. ஒரு சுற்றுக்கு ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம் பிடித்தது. காற்று அதை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மதகுப் பக்கம் தள்ளியது. வழியில் மீன்காரர்கள் நட்டிருந்த கழிகளைச் சாய்த்தது, கட்டியிருந்த படகு ஒன்றைக் குத்திக் கவிழ்த்தது. மதகு இருந்த இடத்தில் கரை அரிவாள் மாதிரி உள்ளே வளைந்திருந்தது. வளைவின் அடியில் கருங்கல் தூண்கள். இப்படியே போனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இயந்திரம் வளைவுக்குள் புகுந்து அந்தக் கல்லில் மோதும். மோதுவது முன்பக்கம். முன்பக்கத்தில் அவர்.

வளைவின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே கயிறு கட்டிச் சக்கரத்தைச் சிக்கவைப்பது என் யோசனை. சக்கரத்தில் கயிறு சுற்றினால் சுழற்சி நின்றுவிடும். இதில் ஓர் ஆபத்து இருந்தது. கயிறு முதலில் முன்பக்கப் பட்டையில் மாட்டினால், பட்டையோடு அவர் கையையும் பிடுங்கிவிடும். ஆகவே கயிறு தண்ணீருக்கடியில் அமுங்கிக் கிடக்கவேண்டும். முன்பக்கம் அதைத் தாண்டிய பிறகு, சக்கரம் வருவதற்குள், இரண்டு கரையிலும் ஆட்கள் ஒரே மூச்சில் இழுத்துக் கயிற்றை மேலே தூக்கவேண்டும். இடைப்பட்ட நேரம், ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நேரம்தான்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்த கயிறு வளைவின் பாதிக்குத்தான் எட்டியது. எங்கள் குடியிருப்பை ஒட்டிய கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களை நான் காலை நடையில் தினமும் பார்ப்பேன். அவர்களிடம் அந்த நீளத்துக்குக் கயிறு உண்டு என்றேன். வண்டி குப்பத்துக்குப் பறந்தது. கயிற்றை மட்டும் கொடுத்தனுப்ப அவர்களுக்கு மனமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கயிற்றோடு கயிறாக ஏறி வந்துவிட்டார்கள்.

வண்டி திரும்புவதற்குள் பல சுற்றுகள் போய்விட்டன. அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பந்தலில் ஒலிபெருக்கி இருந்தது. தாசில்தார் மைக்கைப் பிடித்து, “பயப்படாதீங்க, எல்லா ஏற்பாடும் பண்ணிக்கிட்டு இருக்கோம்” என்று அறிவித்தார். அது தேர்தல் அறிவிப்பு மாதிரி ஏரிமேல் போய்த் திரும்பியது. ஓட்டுநரின் தலை தொங்க ஆரம்பித்திருந்தது. சாய்ந்து விழுந்தால் உடம்பின் கனம் முழுதும் அந்தக் கையில் இறங்கும். அவர் மனைவி வந்து மைக்கைக் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

“யோவ், இந்தா! கேக்குதா? நான்தான். கண்ண மூடாதய்யா. மூடுன, நான் பாட்டுக்கு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன், சொல்லிட்டேன்.”

தலை லேசாக நிமிர்ந்தது.

“காலைல சட்டினில உப்பு இல்லன்னு மூஞ்சத் தூக்கினு போனியே, இன்னும் எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கல நீ. வா, வந்து வாங்கிக்கோ. புதுச் சட்டைய இன்னா பண்ணி வச்சிருக்கறன்னு பாரு. அதுக்கு இஸ்திரி போட்டது எவ? நேரா நில்லுய்யா! மெஷினு ஓட்டறேன் மெஷினு ஓட்டறேன்னு தெருவெல்லாம் பீத்திகினு இருந்த இல்ல, ஓட்டு, பாக்கறேன்!”

கரையில் யாரும் சிரிக்கவில்லை. இயந்திரம் தூரத்துக்குப் போகும்போது அந்த அம்மா மூச்சு வாங்கினார். கிட்ட வரும்போது மறுபடி திட்டினார். ஒவ்வொரு திட்டுக்கும் அந்தச் சும்மா இருந்த கை கொஞ்சம் உயர்ந்தது. ஒரு தடவை அது, போதும் நிறுத்து என்பதுபோல அசைந்தது. அப்போது மட்டும் அவர் மைக்கை மறைத்துக்கொண்டு அழுதார்.

கயிறு வந்தது. செங்கல் கட்டி அமிழ்த்தினோம். ஆட்களை இரண்டாகப் பிரித்து இரு முனையிலும் நிறுத்தினோம். விசில் பொறியாளரிடம். உடனே போட்டுவிடலாம் என்றார் தாசில்தார். நான் ஒத்திகை பார்த்தாகவேண்டும் என்றேன். பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரங்கள் இரண்டைக் குலையோடு அறுத்து வரச்சொல்லி, முன்னும் பின்னுமாகக் கட்டினேன். முதல் மரம் முன்பக்கப் பட்டை. இரண்டாவது மரத்தில் செருகிய குச்சி, சக்கரம். போலீஸ்காரர் ஒருவர் அதைக் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு ஓடினார்.

முதல் ஒத்திகையில் விசில் சத்தம் கேட்டதும் ஒரு பக்கத்தார் அவசரப்பட்டுவிட்டார்கள். கயிறு முதல் மரத்தில் மாட்டி, அதைச் சேற்றிலிருந்து பிடுங்கி நிமிர்த்தியது. கயிறு எதைப் பிடுங்கியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒத்திகை வேண்டும் என்று நான் சொன்னது எவ்வளவு சரி என்று நான் நினைத்துக்கொண்டதையும் இங்கே மறைக்கக்கூடாது.

விசில் வேண்டாம், கரைவலை இழுக்கும்போது போடுகிற சத்தத்திலேயே இழுக்கட்டும் என்று மாற்றினோம். இரண்டாவது ஒத்திகையில் கயிறு முதல் மரத்தை விட்டுவிட்டு, குச்சியைச் சரியாகக் கவ்வியது. தாசில்தார் பெருமூச்சு விட்டார்.

“வந்துடுச்சு சார். இந்தச் சுத்துக்கே போட்டுடலாம்.”

இயந்திரம் அப்போது ஏரியின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நேரம் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? ஒருமுறை வந்தது தற்செயல். இரண்டாவது முறையும் வரவேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பல வருஷம் நின்றவனின் வாய் அதைத் தானாகவே சொன்னது. எங்கள் அறைக்குள் காத்திருக்கிற பொருளுக்கு வலி கிடையாது. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் நேரம் ஒரு செலவாகவே என் கணக்கில் வந்ததில்லை.

அந்த அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“இன்னொரு தபாவா சார்? அது வாழமரம். அங்க கீறது எங்க வூட்டுக்காரரு.”

நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை என்பதற்கும் இருமுறை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, பொறுமையாக, எடுத்துக்காட்டோடு விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் போய் மைக்கை எடுத்துக்கொண்டார். தாசில்தார் என்னையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மறுப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் நான் விஞ்ஞானி.

மூன்றாவது ஒத்திகையும் சரியாக வந்தது. வாழைமரத்தைக் கயிற்றிலிருந்து விடுவித்து, செங்கல்லைத் திரும்பக் கட்டி, ஆட்கள் நிலைக்கு வருவதற்குள் அந்தச் சுற்று எங்களைக் கடந்துபோய்விட்டது. வளைவுக்குள் இன்னும் ஆழமாக வந்து போனது. மதகுத் தூணை இடது சக்கரத்தின் மூடி உரசியது. இரும்பும் கல்லும் உரசிய சத்தத்தில் கொக்குகள் மொத்தமாக எழுந்தன. ஓட்டுநரின் முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மனைவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த சுற்றுக்காகக் காத்து நின்ற நேரம்தான் என் வாழ்நாளிலேயே நீளமானது. ஒலிபெருக்கி பேசவில்லை. அந்த அம்மாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, ஏரி முழுக்க.

இயந்திரம் வளைவுக்குள் நுழைந்தது. கத்தி கயிற்றைத் தாண்டியது. பட்டை தாண்டியது. நான் கையை இறக்கினேன். கரைவலைக்காரர்கள் ஒரே குரலில் சத்தமிட்டுச் சாய்ந்தார்கள். கயிறு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து, சக்கரத்துக்குள் போய், சுற்றி, முறுகி, புகைந்தது. இரண்டு பேர் இழுபட்டுத் தண்ணீரில் விழுந்தார்கள். தெப்பம் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. இன்ஜின் இரண்டு தடவை விக்கி, அடங்கியது. அதன் முன்பக்கத்திலிருந்து கை நீட்டினால் மதகுத் தூணைத் தொட்டிருக்கலாம்.

மீன்காரர்தான் முதலில் ஏறினார். பிறகு தீயணைப்புக்காரர்கள். சங்கிலியை வெட்டிக் கையை எடுக்க நேரமாயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவருக்கு நினைவு இல்லை. அந்த அம்மா ஜீப்பில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துத் திட்டிக்கொண்டே போனார். தாசில்தார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொறியாளர் மதகுமேல் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போனேன். கை பிழைத்துவிட்டது, மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின. கட்டு போட்ட டாக்டரை வராந்தாவில் பிடித்து, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். “எவ்வளவு முன்னால?” என்றார். ஒரு சுற்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. “சொல்ல முடியாது சார். ஒருவேளை ஒண்ணு தங்கியிருக்கும். ஒருவேளை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ‘ஒருவேளை’ போதுமானதாக இருந்தது. வார்டு வாசல்வரை போனேன். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கடலோரத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

பிறகு விசாரணை நடந்தது. வலை யாருடையது என்று தெரியவில்லை என்பதோடு முடிந்தது. இயந்திரத்தைக் கரையில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். ஆகாயத்தாமரை தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என்னைப் பற்றி இரண்டு பத்திரிகைகளில் வந்தது; ஒன்றில் படம் வேறு, மாலையோடு. எங்கள் நிலையத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மனைவி அதை ஷோகேஸில் வைத்தாள். நான் எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். அவள் மறுபடி ஷோகேஸில் வைத்தாள். இது கொஞ்ச நாள் நடந்தது.

முதல் ஒத்திகை இல்லாவிட்டால் அந்தக் கையே போயிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது இல்லாவிட்டால் ஒரு விரல் தங்கியிருக்கலாம். இது தெரியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு தூங்கவேண்டியதுதானே என்று நண்பர்கள் சொன்னார்கள். தூக்கம் அப்படி வாதத்துக்குக் கட்டுப்படுகிற ஜாதி இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து சில வருஷங்கள் ஆனபின், ஒரு கம்பெனியில் பாதுகாப்பைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஆபத்து நேரத்தில் முடிவெடுப்பது எப்படி என்பது தலைப்பு. ஒப்புக்கொண்டேன். வெட்கம் ஒருபக்கம் இருந்தாலும் கார் அனுப்புகிறோம் என்றார்கள்.

வாசலில் கார்களும் ஷட்டில் வண்டிகளும் வரிசை கட்டியிருந்தன. நீல உடுப்புப் போட்ட காவலர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, தடுப்புக் கட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். என் கார் ஜன்னல் பக்கம் குனிந்து, “சார், பேக்கக் கொஞ்சம் தொறங்க” என்றார். பையின் வாயைப் பிடித்த கையில் இரண்டே விரல்கள். முகத்தைப் பார்த்தேன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அவரேதான்.

கூட்டம் முடிந்ததும் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்து வந்தேன்.

“நீங்க முன்னாடி ஏரியில மெஷின் ஓட்டினவர்தானே?”

“ஆமா சார். எப்டி தெரியும்?”

“அன்னைக்கு நான் கரையில இருந்தேன்.”

“ஊரே இருந்துச்சு சார்” என்று சிரித்தார். கைக்காக இழப்பீட்டோடு இந்த வேலைக்கு ஒரு சிபாரிசும் கிடைத்ததாம். உட்கார்ந்த வேலை, நிழல், மாசமானால் சம்பளம். அவர் மனைவி இங்கேயே கேன்டீனில் இருக்கிறாராம். “சௌக்கியமா கீறாங்க. கொரலுக்கு மட்டும் ஒண்ணும் கொறைச்சல் இல்ல. ஆனா அந்த நாளப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து பூடுவாங்க” என்றார்.

நான் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரையிலிருந்து கயிறு வரவழைத்தது, செங்கல் கட்டி அமிழ்த்தியது, முன்பக்கம் தாண்டிய பிறகு தூக்கவேண்டும் என்று கணக்குப் போட்டது, வாழைமரம், முதல் ஒத்திகை, இரண்டாவது ஒத்திகை. பிறகு மூன்றாவது. “அந்த மூணாவது தடவைய நான் கேக்காம இருந்திருந்தா ஒங்க வெரல் ஒண்ணாவது...” என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் எதற்காகக் கயிற்றின் கனத்தையும் வளைவின் அகலத்தையும் அவ்வளவு விரிவாகச் சொல்லவேண்டும் என்று எனக்கே அப்போது தோன்றியது.

நடுவில் இரண்டு வண்டிகளை உள்ளே விட்டார். தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு வந்து, மிஞ்சிய இரண்டு விரல்களால் மோவாயைச் சொறிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கயிறு போட்டா நிறுத்துனீங்க? இன்னா சார் சொல்றீங்க! அது தானா நின்னுபூட்ச்சுன்னு இல்ல இத்தினி வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்.”